பலாங்கொடைக் கல்லின் வயது

லண்டனுக்கு வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்காகப் பிறந்த திகதி கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்துவந்த திகதி ஒன்று இருந்தது. சித்திரை மாதத் திகதி. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக நம்புவதில்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரம் எந்த இடப்பெயர்வில் தொலைந்ததோ தெரியாது. ஊருக்குத் தொலைபேசி எடுத்து அம்மாவைக் கேட்டேன்.

"நூலகம் எரிஞ்ச வருசம், மாரி மழைக்குள்ள பிறந்தனி. எண்பத்திமூன்று கலவரத்தில பெரியப்பா ஆக்கள் கொழும்பில இருந்து கப்பல்ல வந்து காங்கேசன்துறையில இறங்கேக்க நீ முத்தமெல்லாம் ஓடித் திரிஞ்சனி. தம்பி அப்ப வயித்தில."

அம்மா ஒரு திகதியும் சொல்லவில்லை. ஆனால் எது முதல், எது பிறகு என்ற வரிசையில் ஒரு பிழையும் இல்லை. 1981 வைகாசிக்குப் பிறகு, 1983 ஆடிக்கு முன்பு, அதிலும் மாரிகாலம். விண்ணப்பப் படிவத்தில் இதை எழுத இடமில்லை என்பதுதான் பிரச்சினை. அங்கே நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பெட்டிகள் மட்டும்தான் இருந்தன.

பல வருடங்களுக்குப் பிறகு, கல்லுகளின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று வாசிக்கத் தொடங்கியபோது இந்தத் தொலைபேசிக் கதைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. புவிச்சரிதவியலாளர்களும் முதல் நூறு வருடத்துக்கு மேலாக எங்கள் அம்மாவின் முறையில்தான் வயது பார்த்திருக்கிறார்கள். பெட்டிக்குள் இலக்கம் எழுதத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில். அந்த இலக்கம் எழுதும் வேலையில் இலங்கைக் கல் ஒன்றுக்கும், தமிழ்த் தகப்பனுக்குப் பிறந்த ஒருவருக்கும், லண்டனின் தென் கென்சிங்ரன் பகுதிக்கும் இருந்த பங்கை எங்கள் ஆட்கள் எழுதி நான் கண்டது குறைவு. அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் அம்மாவின் முறை.

ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த படைகளில் கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. இதை 1669 இல் ஸ்ரெனோ என்ற டென்மார்க்காரர் எழுதிவைத்தார். ஒரு பாறையை வெட்டிக்கொண்டு இன்னொரு பாறை உள்ளே நுழைந்திருந்தால் வெட்டியதுதான் பிந்தியது. இவை சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் ஓர் ஊரில் இருக்கும் படையும் நூறு மைல் தள்ளி இன்னோர் ஊரில் இருக்கும் படையும் ஒரே காலத்தவையா என்று எப்படிச் சொல்வது? இதற்கு வழி கண்டவர் வில்லியம் ஸ்மித். கொல்லன் ஒருவரின் மகன். சமசெற் பக்கம் நிலக்கரி கொண்டுபோகக் கால்வாய் வெட்டிய இடத்தில் நில அளவை வேலை பார்த்தவர். ஒவ்வொரு படையிலும் அதற்கே உரிய சிப்பிகள், உயிர்ச்சுவடுகள் இருக்கின்றன என்பதையும், அவை எங்கு போனாலும் அதே வரிசையில்தான் வருகின்றன என்பதையும் அவர் கண்டுகொண்டார். 1815 இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் ஸ்கொட்லாந்தின் ஒரு பகுதிக்கும் பாறைப் படம் ஒன்றைத் தனியாளாக வெளியிட்டார்.

படித்த கனவான்களின் சங்கமான லண்டன் புவிச்சரிதவியல் சங்கம் (1807 இல் தொடங்கியது) அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. சங்கத்தின் பெயரில் போட்டிக்கு இன்னொரு படம் வந்தது. 1819 இல் ஸ்மித் கடனுக்காக லண்டனில் சிறையில் கிடந்தார். 1831 இல்தான் அதே சங்கம் தன்னுடைய முதலாவது வொல்லஸ்ரன் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. வேலை செய்தவனை வாசலில் நிற்கவைத்துவிட்டுப் பிறகு மாலை போடுகிற பழக்கம் எங்கள் சங்கங்களுக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

நாங்கள் நாளாந்தம் சுரங்க ரயிலில் போகிறோமே, வட லண்டனில் அந்த ஆழச் சுரங்கங்கள் பெரும்பாலும் லண்டன் களிமண் என்ற படைக்குள்தான் குடையப்பட்டிருக்கின்றன. அதற்குக் கீழே வெண்சுண்ணப் படை. இந்தக் களிமண்ணுக்குள் கென்ற் கரையோரம் ஷெப்பித் தீவில் நிப்பா என்ற பனையினத்தின் கல்லான காய்கள் கிடைக்கின்றன. அதே இனம் இன்றும் இலங்கையின் தென்மேற்குக் கழிமுகங்களில் சேற்றுக்குள் வளர்கிறது. அப்படியென்றால் களிமண் படிந்த காலத்தில் இந்தக் குளிர் ஊர் எங்கள் ஊர்போல வெக்கையாக இருந்திருக்கிறது. இவ்வளவையும் வரிசையையும் உயிர்ச்சுவடுகளையும் வைத்தே சொல்லிவிடலாம். எத்தனை ஆண்டுகள் என்பதை மட்டும் சொல்ல முடியாது.

அந்த இலக்கத்துக்கு 19 ஆம் நூற்றாண்டு முழுவதும் சண்டை நடந்தது. கெல்வின் பிரபு பூமி சூடாறும் வேகத்தைக் கணக்கிட்டு, 1897 இல் 20 முதல் 40 மில்லியன் ஆண்டுகள்தான் பூமியின் வயது என்று சொன்னார். படைகளின் தடிப்பை நேரில் பார்த்தவர்களுக்கு அது காணாது. ஆனால் பெரிய பௌதிகவியலாளர் ஒருவர் கணக்கோடு சொல்லும்போது எதிர்த்துச் சொல்ல அவர்களிடம் இலக்கம் இருக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. உயிர்ச்சுவடு இல்லாத பாறைகளை என்ன செய்வது? இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு அப்படிப்பட்ட பாறைதான். ஆழத்தில் வெந்து, நசிந்து, உருமாறிய பளிங்குப் பாறைகள். அவற்றில் சிப்பியும் இல்லை, காயும் இல்லை. ஸ்மித்தின் முறை அங்கே கைகொடுக்காது.

இங்கேதான் ஆனந்த குமாரசுவாமி வருகிறார். 'சிவ நடனம்' எழுதிய, பொஸ்ரன் நூதனசாலையில் இருந்த, கலை விமர்சகரான அதே குமாரசுவாமிதான். சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் கென்றைச் சேர்ந்த எலிசபெத் பீபிக்கும் 1877 இல் கொழும்பில் பிறந்தவர். இரண்டு வயதில் தகப்பனை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். லண்டன் யூனிவேர்சிற்றி கொலிச்சில் அவர் படித்தது கலை அல்ல, புவிச்சரிதவியலும் தாவரவியலும். 1900 இல் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை, ஸ்மித்தை வாசலில் நிறுத்திய அதே சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. 1903 இல் இலங்கைக் கனிய அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளரானார். எங்கள் மேடைகளில் அவரைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். ஏதோ வழிதவறிக் கல்லுக்குள் போய்ப் பிறகு கலைக்குத் திரும்பியவர் மாதிரி. எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை. அவர் கல்லைப் பார்த்த வருடங்களும் முழுமையான வருடங்கள்தான்.

சப்பிரகமுவ மாகாணத்தில், பலாங்கொடைப் பக்கம், இரத்தினக்கல் அகழும் சரளைக்குள் கறுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கனசதுரக் கற்கள் வந்தன. அதே அளவு இரும்பைவிடப் பாரமானவை. குமாரசுவாமி 1904 இல் அதை யுரேனினைற் என்ற கனியமாக விவரித்தார். லண்டனில் இம்பீரியல் இன்ஸ்ரிரியூட் பணிப்பாளராக இருந்த வின்டம் டன்ஸ்ரன் அதைப் பரிசோதித்து, இல்லை, இதில் யுரேனியத்தைவிடத் தோரியம்தான் மிக அதிகம், இது புதுக் கனியம் என்று கண்டு தோரியனைற் என்று பெயர் வைத்தார்.

அந்தக் காலத்து ஆய்வுகூடங்களுக்கு இந்தக் கல் கிடைத்தற்கரிய பொருளாக இருந்தது. குமாரசுவாமி படித்த அதே கல்லூரியில் இரசாயனவியல் பேராசிரியராக இருந்தவர் வில்லியம் ராம்சே. அவரிடம் 1904 இல் ஆங்கிலம் பழகவென்று வந்த ஜேர்மன் இளைஞர் ஒற்றோ ஹான், தோரியனைற்றிலிருந்து பிரித்த பொருளில் வேலை செய்து ரேடியோதோரியம் என்பதைக் கண்டுபிடித்தார். (பின்னாளில் யுரேனிய அணு பிளவுபடுவதைக் கண்ட அதே ஹான்.) கல்லைச் சூடாக்கினால் ஈலிய வாயு வெளிவரும். ஒரு கிராம் கல்லில் ஏறத்தாழ 9 கனசென்ரிமீற்றர் வாயு அடைபட்டிருந்தது.

ஊரில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் படித்தவர்களுக்குக் கதிர்த்தொழிற்பாடு, அரைவாழ்வுக்காலம் எல்லாம் மறந்திருக்காது. யுரேனியம் தானாகச் சிதைந்து, இடையில் ஈலியத்தை வெளிவிட்டு, கடைசியில் ஈயமாக மாறுகிறது. வெயிலோ மழையோ அழுத்தமோ அந்த வேகத்தை மாற்றாது. பாதி யுரேனியம் ஈயமாக 4,470 மில்லியன் ஆண்டுகள் எடுக்கும். எனவே ஒரு பளிங்கு உருவான நாளிலிருந்து அதற்குள் எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது, எவ்வளவு யுரேனியம் மிஞ்சியிருக்கிறது என்று அளந்தால் வயது வரும். கல்லே தன் பிறப்புப் பத்திரத்தைக் கையில் வைத்திருக்கிறது.

1907 இல் அமெரிக்கர் பேர்ட்ரம் போல்ற்வூட் இந்தக் கணக்கை முதன்முதலில் ஒழுங்காகப் போட்டார். மிக எளிமையான கணக்கு. ஈயத்தை யுரேனியத்தால் வகுத்து 10,000 மில்லியனால் பெருக்க வேண்டியதுதான். அவருடைய பட்டியலில் ஆகக் குறைந்த வயது 410 மில்லியன். ஆகக் கூடியது 2,200 மில்லியன். அந்த 2,200 இலங்கைத் தோரியனைற்றுக்கு உரியது. கெல்வினின் 40 மில்லியனை நினைத்துப் பாருங்கள்.

தென் கென்சிங்ரனில் இம்பீரியல் கல்லூரியில் ஸ்ட்ரட் என்ற பேராசிரியர் வேறு வழியில் போனார். அவர் ஈயத்தை அல்ல, ஈலியத்தை அளந்தார். தோரியனைற்றில் ஈலியம் எவ்வளவு வேகமாக உண்டாகிறது என்று நேரடியாகவே அளந்து, இலங்கைக் கல்லுக்கு 200 மில்லியன் ஆண்டுகளுக்கு மேல் வயது என்றார். ஆனால் வாயு கசியும். ஓட்டைப் பானையில் மிஞ்சிய தண்ணீரை வைத்து எவ்வளவு மழை பெய்தது என்று சொல்வது போல, அது எப்போதும் குறைந்தபட்ச வயதுதான். அதை அவரே சொல்லியிருக்கிறார்.

அவருடைய மாணவர்தான் ஆதர் ஹோம்ஸ். வருடத்துக்கு 60 பவுண் புலமைப்பரிசிலில் படித்த, கேற்ஸ்கெட்டிலிருந்து வந்த பொடியன். நோர்வேப் பாறை ஒன்றின் கனியங்களை எடுத்துத் தானே ஈயத்தையும் யுரேனியத்தையும் பிரித்து அளந்து, 370 மில்லியன் ஆண்டுகள் என்று கண்டார். அந்தப் பாறை டெவோனியன் காலத்தது என்பது வரிசை முறையால் ஏற்கெனவே தெரிந்திருந்தது. வரிசையும் இலக்கமும் முதல்முறையாக இப்படி ஒன்றோடொன்று பொருத்தப்பட்டன. மற்றவர்களின் அளவைகளையும் மறுபடி கணக்குப் பார்த்து அவர் ஓர் அட்டவணை போட்டார். கார்பனிபெரஸ் 340 மில்லியன், டெவோனியன் 370, சிலூரியன் அல்லது ஓர்டோவிசியன் 430. அதற்கும் கீழே உயிர்ச்சுவடு இல்லாத பழம் பாறைகள். சுவீடன் 1,025 உம் 1,270 உம், அமெரிக்கா 1,310 உம் 1,435 உம், கடைசியாக, எல்லாவற்றிலும் பழையதாக, இலங்கை: 1,640 மில்லியன்.

1911 இல் இந்தக் கட்டுரை றோயல் சொசைற்றியில் வாசிக்கப்பட்டபோது ஹோம்ஸ் லண்டனில் இல்லை. படிப்புச் செலவுக் கடனை அடைக்க மொசாம்பிக்குக்குக் கனியம் தேடும் வேலைக்குப் போயிருந்தார். அங்கே காய்ச்சலில் விழுந்து, அவர் இறந்துவிட்டதாக வீட்டுக்குச் செய்திகூடப் போயிருக்கிறது. அப்போது வயது 21.

வரிசையை மட்டும் பார்த்தால் அட்டவணை அழகாக இருந்தது. இளைய படைக்குக் குறைந்த வயது, கீழே போகப் போகக் கூடிய வயது. ஆனால் அந்தக் கடைசி வரி, எங்கள் நாட்டு வரி, பிழை.

எப்படிப் பிழைத்தது? தோரியமும் சிதையும் மூலகம்தான். ஆனால் அது ஈயமாக மாறாது என்று அப்போது நம்பினார்கள். அதனால் கல்லில் இருந்த ஈயம் முழுவதையும் யுரேனியத்தின் கணக்கில் எழுதினார்கள். உண்மையில் தோரியத்தின் முடிவும் ஈயம்தான். தோரியனைற்றில் யுரேனியத்தைவிடத் தோரியம் பல மடங்கு. நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 550 மில்லியன் ஆண்டு வயதுள்ள ஒரு கல்லில் இன்று 100 கிராம் யுரேனியமும் 500 கிராம் தோரியமும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். யுரேனியம் தந்த ஈயம் ஏறத்தாழ 8 கிராம். தோரியம் தந்தது ஏறத்தாழ 12 கிராம். மொத்தம் 20. இந்த இருபதையும் யுரேனியமே தந்தது என்று எடுத்து, ஹோம்ஸ் பாவித்த 8,200 மில்லியனால் பெருக்கினால் வருவது 1,640! இரண்டு பேர் போட்ட காசை ஒருவரே போட்டதாக நினைத்து, இவ்வளவு காசு சேர அவர் எத்தனை வருடம் உழைத்திருப்பார் என்று கேட்டால் வரும் பிழைதான் இது.

இந்த இடத்தில் என் சாட்சிப் பத்திரக் கதையை முடித்துவிடுகிறேன். சில வருடங்களுக்குப் பிறகு ஊரிலிருந்து அதன் பிரதி ஒன்று வந்துசேர்ந்தது. முத்திரை, கையெழுத்து, இலக்கம் எல்லாம் கச்சிதம். பிறந்த திகதி: 1982 சித்திரை. அம்மாவிடம் சொன்னதும் சிரித்தார். "அது கொப்பர் கந்தோருக்குப் போய்ப் பதிஞ்ச நாளடா. சித்திரையில எங்க மாரி மழை?" பதிந்த நாளைப் பிறந்த நாள் என்று எழுதிவிட்டார்கள். அம்மாவின் வரிசை சரி, பத்திரத்தின் இலக்கம் பிழை.

கல்லின் பிழையைத் திருத்த உதவியதும் இலங்கைக் கல்தான் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கிளாஸ்கோவில் பிரெடெரிக் சொடி 1913 இல் சமதானிகள் என்ற கருத்தை முன்வைத்தார். ஒரே மூலகம், ஆனால் வேறுவேறு திணிவு. அது உண்மையென்றால் தோரியத்திலிருந்து வந்த ஈயம் சாதாரண ஈயத்தைவிடப் பாரமாக இருக்க வேண்டும். யுரேனியம் அதிகம் கலக்காத தோரியக் கனியம் ஒன்று அதற்கு வேண்டியிருந்தது. இலங்கையின் தோரைற் என்ற கனியத்திலிருந்து ஈயத்தைப் பிரித்து 1914 இல் அளந்தார்கள். சாதாரண ஈயத்தின் அணுத்திணிவு 207.2. இலங்கைத் தோரைற் ஈயம் அதைவிடக் கூடவாக இருந்தது. தோரியம் ஈயமாகிறது என்பதும், ஈயத்தில் பல வகை உண்டு என்பதும் இதோடு உறுதியாயின. அதற்குப் பிறகு எந்த ஈயம் யாருடையது என்று பிரித்து எழுதாமல் யாரும் கல்லின் வயது சொல்வதில்லை. இன்று ஒரே பளிங்கில் யுரேனியத்தின் இரண்டு சமதானிகளையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, இரண்டு கணக்கும் ஒத்துவந்தால்தான் நம்புகிறார்கள்.

ஹோம்ஸ் பிழையை விட்டுவிட்டு ஓடவில்லை. வாழ்நாள் முழுவதும் அந்த அட்டவணையைத் திருத்தித் திருத்தி எழுதினார். 1955 இல், முதல் கட்டுரைக்கு 44 வருடங்களுக்குப் பிறகு, தீபகற்ப இந்தியாவினதும் இலங்கையினதும் பழம் பாறைகளின் வயது பற்றியே ஒரு தனிக் கட்டுரை எழுதினார். 1956 இல் வொல்லஸ்ரன் பதக்கம் அவருக்கும் கிடைத்தது. 1965 இல் இறந்தார்.

இன்றைய கணக்கில் இலங்கை மலைநாட்டுப் பாறைகள் கடைசியாகக் கடும் வெப்பத்தில் வெந்து உருமாறியது ஏறத்தாழ 550 முதல் 610 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு. தென்னிந்தியா, மடகாஸ்கர், கிழக்கு அந்தாட்டிக்கா எல்லாம் இலங்கையோடு முட்டி ஒட்டி கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாகிக்கொண்டிருந்த காலம் அது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே மலைநாட்டுப் பாறைகளுக்குள் இருக்கும் சில சேர்கன் மணிகள் 2,000 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. வேறெங்கோ இருந்த இன்னும் பழைய மலைகள் கரைந்து, மணலாக வந்து படிந்து, பிறகு இங்கே வெந்தவை. அப்போ இந்தப் பாறையின் வயது எது? மணி பிறந்த நாளா, மணல் படிந்த நாளா, பாறை வெந்த நாளா? மூன்றும் வேறுவேறு திகதி. போல்ற்வூட்டின் 2,200 இந்தப் பழைய மணிகளின் வயதுக்குக் கிட்ட வந்தது தற்செயல்தான். பிழையான கணக்கு சில நேரம் சரியான ஊருக்குக் கிட்டக் கொண்டுபோய் விடும், அதற்காக வழி சரியென்று ஆகாது.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. எங்கள் கிணறு வெட்டும்போது வந்த வெள்ளைக் கல், காங்கேசன்துறைச் சீமெந்துக்குப் போன கல், கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். அதற்குள் சிப்பிகளும் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்களின் ஓடுகளும் நிறைய. அங்கே ஸ்மித்தின் முறை, அதாவது அம்மாவின் முறை, நன்றாகவே வேலை செய்யும். வேலண்ட், டேவிஸ் என்ற இருவர் 1923 இல் அந்த உயிர்ச்சுவடுகளை மற்ற நாடுகளின் உயிர்ச்சுவடுகளோடு ஒப்பிட்டு, அது மயோசீன் காலத்தது என்று எழுதினார்கள். அதுவும் லண்டன் சங்கத்தின் அதே சஞ்சிகையில்தான். மயோசீன் என்பது இன்றைய இலக்கத்தில் 23 முதல் 5 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட காலம். பலாங்கொடைக் கல்லோடு பார்த்தால் எங்கள் குடாநாடு நேற்றுப் பிறந்த பிள்ளை.

தென் கென்சிங்ரன் நூதனசாலைகளுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அதன் பின்பக்கம் இம்பீரியல் கல்லூரி வளவுக்குள் பச்சைக் குவிமாடத்தோடு தனியே நிற்கும் உயர்ந்த கோபுரத்தைக் கண்டிருப்பீர்கள். தோரியனைற்றுக்குப் பெயர் வைத்த இம்பீரியல் இன்ஸ்ரிரியூட் கட்டடத்தில் மிஞ்சியது அதுதான். மற்றதெல்லாம் 1950களிலும் 60களிலும் இடிக்கப்பட்டுவிட்டது. ஸ்ட்ரட்டும் ஹோம்ஸும் வேலை செய்ததும் அந்தச் சுற்றாடலில்தான். போன கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்பா, அப்ப உங்களுக்கு உண்மையா எத்தனை வயசு?" என்றாள். மார்கழியில் கேக் வெட்டுவோம், பாஸ்போட்டில் சித்திரைதான் இருக்கிறது என்று சொன்னேன்.